தலைவர் முடுக்கிய நட்

எங்களுக்கு வேலை கிடையாது. அதனால் தினமும் காலை ஆறு மணிக்குள் வேலைக்குப் போய்விடுவோம்.

இதில் குழம்ப ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் கிராண்ட் லேக்ஸ் மோட்டார் கம்பெனியின் ஆலையில் கார்களுக்குக் கதவு பொருத்திக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். கதவு பொருத்த இயந்திரம் வந்தது. இயந்திரமே வந்தாலும் ஆளை வெளியே அனுப்பக் கூடாது என்று கம்பெனிக்கும் சங்கத்துக்கும் ஒப்பந்தம். எனவே எங்கள் நாற்பது பேரையும் ஓர் அறையில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். வாசலில் 'வேலை வங்கி' என்று பலகை மாட்டினார்கள். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டரை வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் அரை மணி நேரம் ஓய்வு உண்டு. அப்போது எழுந்து நிற்கலாம்.

ஃப்ளாய்ட் என்பவர் மேற்பார்வையாளர். நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கிறோமா என்று கண்காணிப்பது அவர் பொறுப்பு. எல்வுட் ப்ரூயிட் ஒருமுறை பொழுது போகாமல், ஆடிக்கொண்டிருந்த ஒரு நாற்காலியின் காலைச் சரிசெய்துவிட்டான். ஃப்ளாய்ட் வெலவெலத்துப் போனார்.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்ட? நீ வேலை செஞ்சது மேல தெரிஞ்சா உன் பேரை வங்கியிலேர்ந்து அடிச்சிருவாங்க. யாராவது பாக்கறதுக்கு முன்னாடி பழையபடி ஆட வை."

எல்வுட் மறுபடியும் நாற்காலியை ஆட வைத்தான். அவன் அப்படிப்பட்டவன். சொன்னதைச் செய்வான், கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான். இரண்டாவது குணம்தான் எங்களுக்குப் பின்னால் வினையாக வந்தது.

அறையில் சர்வீஸில் மூத்தவன் நான், எனக்கு அடுத்தவன் எல்வுட். எனக்கு முப்பது ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. முப்பது முடித்தால் முழு ஓய்வூதியத்தோடு வீட்டில் இருக்கலாம். ஆனால் வீட்டில் என் மைத்துனன் இருந்தான். அதனால் நான் அறைக்கே வந்துகொண்டிருந்தேன். எல்வுடின் கதை வேறு. அவன் மனைவி டார்லீனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கம்பெனியின் மருத்துவ அட்டைதான் அவளை உயிரோடு வைத்திருந்தது. முப்பது ஆண்டு முடித்தவனுக்கு அந்த அட்டை சாகும்வரை உண்டு. ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது. அந்த 2008 டிசம்பரில் எல்வுடுக்கு இன்னும் எட்டு வாரம் பாக்கியிருந்தது. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல், காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து, சும்மா இருந்துவிட்டுப் போவான்.

அந்த நேரத்தில்தான் கம்பெனி திவாலாகப் போகிறது என்ற செய்தி வந்தது.

எங்கள் கம்பெனித் தலைவர் பிரெஸ்காட் வான்டர்வீன் அரசாங்கத்திடம் கடன் கேட்கத் தனி விமானத்தில் வாஷிங்டன் போனார். கையில் காசில்லை என்று சொன்னார். "எதில வந்தீங்க?" என்று விசாரணையில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கேட்டார். நாடே சிரித்தது. அடுத்த விசாரணைக்குத் தலைவர் கம்பெனியின் சொந்தக் காரில், தானே ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு சாதாரணத் தொழிலாளியை வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று விளம்பரத் துறை முடிவு செய்தது. எந்தத் தொழிலாளியைக் கூப்பிட்டால் உற்பத்தி பாதிக்காது என்று ஆராய்ந்தார்கள். எங்கள் அறையின் கதவு திறந்தது.

வந்தவள் பெயர் கோர்ட்னி. விளம்பரத் துறை அதிகாரி. நாற்பது பேரையும் வரிசையாக நிற்க வைத்து முகங்களைப் பார்த்தாள். எல்வுடின் முன்னால் நின்றாள்.

"இவர் முகத்துல கஷ்டம் நல்லாத் தெரியுது. இவரே போதும்."

"மேடம், எனக்கு ரெண்டு நாள் போயிடுமே. எட்டு வாரந்தான் பாக்கி இருக்கு" என்றான் எல்வுட்.

"தலைவரோட போறீங்க, எல்வுட். அதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கு?"

'வேலை' என்ற சொல்லைக் கேட்டதும் ஃப்ளாய்ட் காதைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் காலை டெட்ராய்ட் தலைமை அலுவலக வாசலில் எல்வுடுக்குப் புதிய நீலச் சட்டை கொடுத்தார்கள். அதில் கிரீஸ் கறை ஏற்கெனவே அச்சிடப்பட்டிருந்தது. கோர்ட்னி பின் இருக்கையில் ஏறினாள். தலைவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஸ்டீயரிங் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். இனி நடந்ததெல்லாம் எல்வுட் சொல்லி எனக்குத் தெரியும். நான் முன்பே சொன்னேன், அவன் பொய் சொல்ல மாட்டான்.

ஓஹையோ மாநிலம் முடியும் இடத்தில் தலைவர் மகிழ்ச்சியாகக் கேட்டார்: "எல்வுட், இந்த மஞ்சள் விளக்கு புதுசா? அழகா இருக்கே. நம்ம வடிவமைப்புக் குழு எப்பவுமே ஏதாவது பண்ணிக்கிட்டே இருப்பாங்க."

"அது பெட்ரோல் தீந்துபோச்சுன்னு சொல்ற விளக்கு, சார்."

"தீருமா?"

தலைவர் நடிக்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக அவர் காலையில் கீழ்த்தளத்துக்கு இறங்கும்போது, கழுவித் துடைத்து, தொட்டி நிறைத்த ஒரு கார் நிற்கும். முந்தைய நாள் அதில் ஏதாவது சத்தம் கேட்டிருந்தால் இரவோடு இரவாக வேறு கார் வந்திருக்கும். மேல்மாடியில் இருந்த எல்லோருக்கும் இதே ஏற்பாடுதான். எங்கள் கார்களைப் பற்றி வாங்கியவர்கள் அனுப்பிய லட்சக்கணக்கான புகார்களை அவர்கள் ஏன் நம்பவில்லை என்று இதைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் ஓட்டிய கார் கெட்டதே இல்லை.

பெட்ரோல் பங்கில் தலைவர் நின்று வேடிக்கை பார்த்தார். குழாயை நுழைக்க வேண்டிய இடத்தை எல்வுட் காட்டியதும், "ஓ, இங்கேயா வெச்சிருக்கோம்" என்றார்.

பென்சில்வேனியா மலைப்பாதையில் பனி கொட்டத் தொடங்கியது. பின்னால் வந்த பத்திரிகைக்காரர்களின் வண்டிகள் திரும்பிவிட்டன. மேலே ஒரு விமானச் சத்தம் கேட்டது. எல்வுட் அண்ணாந்து பார்த்தான்.

"அது நம்ம விமானந்தான்" என்றாள் கோர்ட்னி. "வழியில வண்டி நின்னா சரிபண்ண நாலு மெக்கானிக்கை அதுல அனுப்பியிருக்கோம். பின்னாடி வேன்ல வந்தா பேப்பர்காரங்க பாத்துருவாங்க இல்ல? அதான்."

"இங்க எப்படி இறங்குவாங்க, மேடம்?"

கோர்ட்னி குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

மதியம் ஒரு மணிக்கு வண்டி நின்றது. சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. ஃப்ளின்டில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும். எல்வுட் சொன்னான்: "பேட்டரி டெர்மினல் லூசாயிருக்கு, சார். அந்த நட்டை நாலு சுத்து முடுக்கினாப் போதும்."

"அப்போ முடுக்குங்க."

எல்வுட் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். பிறகு உள்ளே எடுத்துக்கொண்டான்.

"நான் வங்கியில இருக்கேன், சார். நான் வேலை செஞ்சா என் பேரை அடிச்சிருவாங்க. முப்பது வருஷம் போயிடும். டார்லீன் செத்துருவா."

எனக்குத் தெரிந்தவரை எங்கள் தலைவர் கெட்டவர் இல்லை. உடனே தொழிலாளர் உறவுத் துறைக்குப் போன் போட்டார். அந்தத் துறை சங்கத்தையும் சேர்த்துக்கொண்டது. பனி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துகொண்டிருந்தபோது, கம்பெனியும் சங்கமும் தொலைபேசியில் கூட்டம் நடத்தின.

துறை அதிகாரி சொன்னார்: "வங்கியில இருக்கிறவரை வேலைக்குக் கூப்பிடணும்னா மூத்தவரை முதல்ல கேக்கணும், சார். அதுதான் விதி."

அறையில் ஃப்ளாய்டின் மேசையில் போன் அடித்தது. ஃப்ளாய்ட் என்னைக் கூப்பிட்டார்.

"பென்சில்வேனியா போயி ஒரு நட்டை முடுக்கிட்டு வரியான்னு கேக்கறாங்க."

நான் அப்போது யூக்கர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தேன். கையில் இரண்டு ஜாக் இருந்தன; அந்த ஆட்டத்தில் அதைவிடப் பெரிய சீட்டு இல்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறுப்பை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

"அடுத்த மூத்தவர் எல்வுட்தான்" என்றார் அதிகாரி. தலைவர் பெருமூச்சு விட்டார். "ஆனா அழைப்புக் கடிதம் தபால்ல அவர் வீட்டுக்குப் போகணும். ஏழு நாள் டைம் குடுக்கணும். அதுக்கப்புறம் அவர் தாராளமா முடுக்கலாம்."

சங்கத்தின் சார்பில் பேசிய ரஸ்ஸல் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார். கம்பெனியும் சங்கமும் பதினெட்டு ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன: எல்வுட் அந்த நட்டைத் தொடக் கூடாது.

"அவர் எப்படின்னு வாயால சொல்லலாமா?" என்று கோர்ட்னி கேட்டாள். அவள் உதடுகள் நீலமாகியிருந்தன.

"சொல்லலாம், தாராளமா" என்றார் ரஸ்ஸல். "பேசறது வேலைன்னா உங்க மேல்மாடி ஆளுங்க அத்தனை பேரும் எங்க சங்கத்துல இருந்திருப்பாங்க."

"நான் தொடலாமா?" என்று தலைவர் கேட்டார்.

 தலைவர் ஸ்பேனரைத் தொடுவார் என்று எந்த ஒப்பந்தத்திலும் யாரும் யோசித்திருக்கவில்லை. "உங்க இஷ்டம்" என்று சொல்லி ரஸ்ஸல் போனை வைத்தார்.

தலைவர் இறங்கினார். முதலில் டிக்கியைத் திறந்து இன்ஜினைத் தேடினார்; அங்கே ஸ்பேனர்தான் இருந்தது. எல்வுட் இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு, முன்னால் வரச் சொன்னான். பானெட்டைத் திறக்கும் கொக்கியைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. திறந்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எல்வுட், இவ்வளவும் இதுக்குள்ளயா இருக்கு?"

"ஆமா, சார்."

"யாரு இதெல்லாம் போடறாங்க?"

"நாங்கதான், சார்."

இடப்பக்கம் முடுக்க வேண்டியதா வலப்பக்கமா என்பதில் ஒரு மணி நேரம் போனது. ஸ்பேனர் மூன்று முறை பனிக்குள் விழுந்தது. மூன்று முறையும் தலைவரே துழாவி எடுத்தார். கடைசியில் சாவியைத் திருகியதும் வண்டி உறுமியது. அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றான் எல்வுட். முதல் சைக்கிளை ஓட்டிய பையனைப் போல இருந்தாராம். கிரீஸ் பட்ட கையைத் துடைக்க கோர்ட்னி கைக்குட்டை நீட்டினாள். அவர் வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் விசாரணையில் அந்தக் கையைத் தூக்கித்தான் சத்தியப்பிரமாணம் செய்தார்.

"மதிப்பிற்குரிய உறுப்பினர்களே, நேற்று மலையில் எங்கள் கார் நின்றது. நான் காத்திருக்கவில்லை. பனியில் இறங்கி, என் கையாலேயே சரிசெய்தேன். எவருடைய உதவியும் இல்லாமல். இதுதான் புதிய கிராண்ட் லேக்ஸ்" என்றார். நின்றுபோகும் கார் என்று ஒப்புக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. கைதட்டினார்கள்.

குழுத் தலைவர் டேவன்போர்ட் எல்வுட் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஒண்ணும் பாக்கறதில்லைங்க."

"அப்படின்னா?"

"காலையில ஆறு மணிக்குப் போயி ரெண்டரை வரைக்கும் ஒண்ணும் பண்ணாம இருப்பேன். நாலு வருஷமா. நடுவுல ஒருதரம் நாற்காலி ஒண்ணை ரிப்பேர் பண்ணிட்டேன், அதைத் திருப்பி ரிப்பேராக்கிட்டேன்."

மண்டபம் கொதித்தது. மக்கள் வரிப்பணத்தைக் கேட்டு வந்த கம்பெனி, சும்மா இருப்பவனுக்குச் சம்பளம் கொடுக்கிறதா என்று ஆளுக்கு ஆள் மேசையைத் தட்டினார்கள். டேவன்போர்ட் கோபத்தோடு தலைவரைப் பார்த்து, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

தலைவர் எழுந்தார். "நான் எங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கை முன்னெடுத்து, அதன் அடிப்படையில் ஒரு திசையை வகுத்து, அந்தத் திசையில் செல்வதற்கான குழுக்களை அமைத்து, அந்தக் குழுக்களின் அறிக்கைகளைப் பரிசீலிக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கி, தேவைப்படும்போது திசையை மாற்றுகிறேன்."

"அது வேலை" என்றார் டேவன்போர்ட். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடன் கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஜனவரி கடைசி வெள்ளியோடு வேலை வங்கியை மூட வேண்டும். மற்ற முப்பத்தொன்பது பேரும் எல்வுடோடு பேசுவதை நிறுத்தினோம். "உண்மையைப் பேச உனக்கு வேற இடமே கிடைக்கலியாடா?" என்று நானே அவனைக் கேட்டேன். இன்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவனோ விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அந்த வெள்ளிக்கிழமையோடு அவனுக்குச் சரியாக முப்பது ஆண்டு முடிகிறது. நூலிழையில் தப்பினான் என்று நினைத்தோம்.

ஓய்வூதியப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு நாள் குறைகிறது.

"அந்த ரெண்டு நாள் நீ அறையில இல்லியே. வரலைன்னுதான் நான் போட முடியும்" என்றார் ஃப்ளாய்ட்.

"தலைவரோட போயிருந்தேனே, சார்."

"வேலையாவா போன?"

"வேலை செய்யக் கூடாதுன்னுதானே சொன்னாங்க."

"அப்போ வேலையிலயும் இல்ல, அறையிலயும் இல்ல. பின்ன எங்க இருந்த நீ?"

எல்வுட் யோசித்துப் பார்த்தான். எங்கே இருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அன்று மாலை வண்டி நிறுத்துமிடத்தில் அவன் காருக்குள் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். கண்ணாடியைத் தட்டி, "வாடா, ரஸ்ஸல்கிட்டப் போலாம்" என்றேன்.

ரஸ்ஸல் கதை முழுவதையும் கேட்டார். தலைவர் எத்தனை சுற்று முடுக்கினார் என்று இரண்டு முறை கேட்டார். பிறகு ஒப்பந்தப் புத்தகத்தைப் புரட்டிச் சிரிக்கத் தொடங்கினார். ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த விதிதான். மேலதிகாரி எவராவது தொழிலாளியின் வேலையைத் தன் கையால் செய்தால், அந்த வேலை யாருக்குச் சேர வேண்டுமோ அவன் செய்ததாகவே கொண்டு அவனுக்கு நாளும் கூலியும் தர வேண்டும். ஆலைக்கு வெளியே நடந்த வேலை என்றால் போகும் நாளும் வரும் நாளும் சேரும். ஃபோர்மன் சுத்தியலைத் தூக்கினாலே நாங்கள் மனு எழுத உட்கார்ந்துவிடுவோம். தலைவர் மேல் யாரும் எழுதியதில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் நடுவர் முன் வழக்கு வந்தது. நடுவர் வயதான அம்மாள், கண்டிப்பானவர். மூத்தவனான நான் வேலையை மறுத்ததையும், அடுத்த முறை எல்வுடுடையது என்பதையும் சாட்சி சொன்னேன். கம்பெனி வக்கீல் அசரவில்லை. விசாரணையில் பேசியது வெறும் பேச்சு, உண்மையில் தலைவர் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றிருப்பார், வண்டி தானாகவே கிளம்பியிருக்கும் என்றார். அப்படியானால் அவரையே கேட்போம் என்றார் நடுவர். தலைவர் அதற்குள் பெரிய தொகையோடு ஓய்வு பெற்று ஃப்ளோரிடா போயிருந்தார். மேசைமேல் போனை வைத்துச் சத்தத்தைக் கூட்டினார்கள்.

வக்கீல் முந்திக்கொண்டார். "சார், அன்னைக்கு நீங்க சும்மா மேற்பார்வைதானே பாத்தீங்க? நட்டை நீங்க முடுக்கலையே?"

"யாரு சொன்னா?" போன் அதிர்ந்தது. "பதினோரு சுத்து முடுக்கினேன். என் கையால. நாலு போதும்னு எல்வுட் சொன்னார், நான் பதினொண்ணு முடுக்கினேன்."

"சார், ஒரு நிமிஷம், கம்பெனியோட நிலைப்பாடு என்னன்னா..."

"இருபத்தாறு வருஷம் கம்பெனி நிலைப்பாட்டைப் பேசினேன். அந்த ஒரு நட்டுதான் நான் செஞ்சது. அந்த ஸ்பேனரைக் கண்ணாடிப் பெட்டியில போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன். நான் செய்யலைன்னு ஒருத்தன் சொல்லிடுவானா?"

நடுவர் போனுக்கு அருகில் குனிந்தார். "தொழிலாளி எல்வுட் ப்ரூயிட் அதில் எந்தப் பங்காவது எடுத்தாரா?"

"ஒரு சுண்டுவிரல்கூட வைக்கலை! ரெண்டு கையையும் பையில போட்டுக்கிட்டு நின்னார். முழுக்க முழுக்க நான்தான்."

வக்கீல் பேனாவை மூடினார். நடுவர் அம்மாள் மனுவின் கீழே ஏதோ எழுதி, முத்திரை குத்தி, எல்வுட் பக்கம் தள்ளினார். முப்பது ஆண்டு, குறைவு பூஜ்ஜியம் நாள் என்று இருந்தது. எல்வுட் அதை இரண்டு முறை படித்தான். 

"ரொம்ப நன்றி, சார்" என்றான் போனைப் பார்த்து.

"எல்வுட்டா? எதுக்குப்பா நன்றி? நட்டுக்கா? அதெல்லாம் எனக்கு ஒண்ணுமே இல்ல. ஞாபகம் இருக்கா, மூணாவது தடவை ஸ்பேனர் விழுந்தப்போ..."

மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்கு டார்லீனை டயாலிசிஸுக்கு விட வேண்டும். எல்வுட் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினான். நாங்களும் கோட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினோம். போனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. காலி அறையில் தலைவர் அன்றைய பனியைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.